செத்த மீனை அள்ளும் முன் தண்ணீரை எடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அடையாற்று முகத்துவாரத்திலோ, புறநகர் ஏரி ஒன்றிலோ, கோயில் குளத்திலோ மீன்கள் கூட்டங்கூட்டமாகச் செத்து மிதந்தன என்ற செய்தியைச் சென்னைவாசிகள் அடிக்கடி படிக்கிறோம். வெயிலின் கடுமையால் நீரில் ஆக்சிஜன் குறைந்துவிட்டது, அல்லது மழைநீர் திடீரெனக் கலந்துவிட்டது, நீர் மாதிரி ஆய்வுக்கு அனுப்பப்பட்டுள்ளது என்ற விளக்கமும் அந்தச் செய்தியோடு சேர்ந்தே வருகிறது. அந்த மாதிரியின் முடிவு என்ன ஆனது என்பது மட்டும் பெரும்பாலும் வெளியில் வருவதில்லை. நீர்ப் பகுப்பாய்வுக்கூடத்தில் பணியாற்றி ஓய்வு பெற்றவன் என்ற முறையில் இதைப் பற்றிச் சற்று விரிவாக எழுத விரும்புகிறேன். இத்தகைய விசாரணைகள் தோற்பது பெரும்பாலும் ஆய்வகத்தில் அல்ல. ஆய்வகத்துக்குப் புட்டி வந்து சேரும் முன்பே, கரையிலேயே அவை தோற்றுவிடுகின்றன.

வழக்கமாக என்ன நடக்கிறது என்பதைப் பாருங்கள். ஆக்சிஜன் குறைவால் சாகும் மீன்கள் பெரும்பாலும் விடியலுக்குச் சற்று முன்பாகவே சாகின்றன. பாசியும் நீர்த்தாவரமும் மண்டிய ஏரியில் பகல் வெளிச்சம் இருக்கும்வரை ஆக்சிஜன் உண்டாகிக்கொண்டே இருக்கும். இருட்டிய பிறகு அதே பாசியும், அடியில் கிடக்கும் கழிவுச் சேறும், மீன்களும் இருப்பதைச் செலவழிக்கத் தொடங்கும். அதிகாலையில்தான் அளவு அடிமட்டத்துக்குப் போகும். அந்த நேரத்தில் கரையில் நின்று பார்த்தால் மீன்கள் நீர்மட்டத்துக்கு வந்து வாயைத் திறந்து திறந்து மூடுவதைக் காணலாம். காலை நடைக்கு வருபவர்கள் செத்த மீனைப் பார்த்துப் புகார் சொல்ல, துப்புரவுப் பணியாளர்கள் வந்து அள்ளத் தொடங்க, துர்நாற்றத்துக்காகக் கரையில் பிளீச்சிங் பவுடரும் சுண்ணாம்பும் தூவப்பட, மாதிரி எடுக்க ஆள் வந்து சேரும்போது உச்சிவெயில் ஆகிவிடுகிறது. பாசி மீண்டும் ஆக்சிஜனை உற்பத்தி செய்து முடித்த அந்த நேரத்து நீரில் அளவு நன்றாகவே இருக்கும். மீன் செத்த நேரத்து நீர் அதில் இல்லை.

தாமதம் இன்னொரு வகையிலும் கெடுக்கிறது. செத்த மீன்கள் ஒருநாள் மிதந்தால் அழுகலே ஆக்சிஜனைத் தின்றுவிடும், அம்மோனியாவையும் வெளியிடும். மறுநாள் எடுத்த மாதிரியில் ஆக்சிஜன் குறைவாகவும் அம்மோனியா அதிகமாகவும் இருந்தால், அது சாவுக்குக் காரணமா, சாவின் விளைவா என்று எந்த வேதியியலாளராலும் பிரித்துச் சொல்ல முடியாது. கரைந்த ஆக்சிஜனுக்கான மாதிரியைச் சாதாரண பிளாஸ்டிக் கேனில் மொண்டு, ஜீப்பில் குலுங்கக் குலுங்கக் கொண்டுபோவதிலும் பயனில்லை. தேய்த்த கண்ணாடி மூடி போட்ட 300 மில்லி புட்டியை நீருக்குள் அமிழ்த்தி, ஒரு காற்றுக்குமிழிகூடச் சிக்காமல் நிரப்பி, மாங்கனீசு சல்பேட் கரைசலையும் காரம் சேர்ந்த அயோடைடு கரைசலையும் கரையிலேயே விட்டு மூடித் திருப்ப வேண்டும். ஆக்சிஜன் உள்ள நீரானால் புட்டிக்குள் பழுப்பு நிறத்தில் திப்பி திப்பியாகப் படிவு இறங்கும். அறவே இல்லாத நீரானால் படிவு வெள்ளையாக நின்றுவிடும். மிதக்கும் மீன்களுக்கு நடுவே அந்த வெள்ளைப் படிவைக் கண்டவர்களுக்கு வேறு அறிக்கை தேவைப்படாது. இதற்கு வேண்டிய பொருள் ஒரு சிறிய பெட்டிக்குள் அடங்கும். கையில் பிடித்து அளக்கும் மீட்டரும் இன்று கிடைக்கிறது.

நீரில் கலந்த கழிவைச் சிதைக்க நுண்ணுயிர்கள் எவ்வளவு ஆக்சிஜனைச் செலவழிக்கும் என்று காட்டும், உயிர்வேதி ஆக்சிஜன் தேவை எனப்படும் பி.ஓ.டி. சோதனைக்கு நம் நாட்டு முறைப்படி 27 டிகிரி வெப்பத்தில் 3 நாள் வைத்திருக்க வேண்டும். ஆகவே மீன் செத்த அன்று மாலையே கழிவுநீர் கலக்கவில்லை என்று யாராவது அறிவித்தால், அந்த அறிவிப்பு இந்தச் சோதனையின் மேல் நிற்கவில்லை என்பது மட்டும் உறுதி.

அம்மோனியா விஷயத்திலும் இதே கவனம் வேண்டும். நீரில் கரைந்த மொத்த அம்மோனியாவில் மீனைக் கொல்வது பெரும்பாலும் அயனியாகாத, அதாவது மின்னூட்டம் ஏற்காத, பகுதிதான். 30 டிகிரி வெப்பமுள்ள நீரில், அமில-காரத் தன்மையைக் காட்டும் பி.எச். அளவு 7 ஆக இருந்தால் அந்தப் பகுதி 1 சதவீதத்துக்கும் குறைவு. 8 ஆனால் ஏறத்தாழ 7 சதவீதம். 9 ஆனால் 40 சதவீதத்தைத் தாண்டிவிடும். பாசி மண்டிய ஏரியில் பிற்பகல்தோறும் பி.எச். ஏறும் என்பதால், ஆக்சிஜன் குறைவால் சாகும் மீன் அதிகாலையிலும், அம்மோனியாவால் சாகும் மீன் பிற்பகலிலும் சாவதற்கு வாய்ப்பு அதிகம். சாவு தொடங்கிய நேரமே ஒரு தடயம் என்பதால், காவலாளியிடமும் மீன் பிடிப்பவரிடமும் முதலில் எப்போது பார்த்தீர்கள் என்று கேட்டுக் குறித்துக்கொள்வது சம்பிரதாயமாகச் செய்யும் காரியமல்ல. நீரின் வெப்பத்தையும் பி.எச். அளவையும் குறிக்காமல் அம்மோனியாவை மட்டும் குறிப்பிடும் அறிக்கையை வைத்து யாரும் எந்த முடிவுக்கும் வர முடியாது. மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் மீன்வளத்துக்கு உரிய நீர் என்று வகுத்துள்ள தரத்தில், லிட்டருக்குக் குறைந்தது 4 மில்லிகிராம் கரைந்த ஆக்சிஜனும், 1.2 மில்லிகிராமுக்கு மேற்படாத தனி அம்மோனியாவும், 6.5 முதல் 8.5 வரையிலான பி.எச். அளவும் கேட்கப்படுகின்றன. இந்த மூன்றோடு ஒப்பிட்டு, எடுத்த நேரத்தையும் சேர்த்துச் சொல்லிவிட்டால், பள்ளி மாணவர்கூட அறிக்கையைப் படித்துப் புரிந்துகொள்வார்.

மீனும் சாட்சி சொல்லும். நீர்மட்டத்துக்கு வந்து காற்றையே சுவாசிக்கக்கூடிய விரால் பிழைத்திருக்க, கெண்டைகள் மட்டும், அவற்றிலும் பெரியவை முதலில், செத்திருந்தால் ஆக்சிஜன் பற்றாக்குறையை நினைக்கலாம். விராலும் சிறுமீனும் நண்டும் ஒன்றாகச் செத்திருந்தால் நஞ்சைத் தேட வேண்டும். செவுளும் இரத்தமும் பழுப்பேறி இருந்தால் நைட்ரைட்டைச் சந்தேகிக்க வேண்டும். இதையெல்லாம் பார்க்க உயிர் ஊசலாடும் மீன், அல்லது செத்துச் சற்று நேரமே ஆன மீன் வேண்டும். அதை ஐஸில் வைத்து உடனே கொண்டுபோக வேண்டும். செவுளையும் கல்லீரலையும் சிறுநீரகத்தையும் திசு அழுகாமல் காக்கும் ஃபார்மலின் கரைசலில் போட வேண்டும். சென்னை வெயிலில் சில மணி நேரம் மிதந்து உப்பிய மீனின் செவுளில் படிக்க ஒன்றும் மிஞ்சாது.

அடையாற்று முகத்துவாரத்துக்குச் சொல்லப்படும் விளக்கத்தை இந்தக் கண்ணோட்டத்தில் பார்க்க வேண்டும். கனமழைக்குப் பின் நன்னீர் பெருகி உப்புத்தன்மை சட்டெனக் குறைந்ததால் மீன்கள் செத்தன என்று கூறப்படுவதுண்டு. கடல்மீன்களுக்கு இது பொருந்தலாம். ஆனால் கடலுக்கும் கழிமுகத்துக்கும் மாறி மாறிப் போய்வரும் மடவையும், உப்புநீர் நன்னீர் இரண்டிலும் வாழக்கூடிய, ஆக்சிஜன் குறைவையும் மற்ற மீன்களைவிட அதிகம் தாங்கக்கூடிய ஜிலேபி மீனும் செத்து மிதக்கும்போது, உப்புக் குறைவை மட்டும் காரணம் காட்டுவது ஏற்கத்தக்கதாக இல்லை. கோடை முழுதும் மழைநீர் வடிகால்களில் தேங்கிய கழிவுநீரும், ஆற்றடியில் கிடக்கும் கறுத்த சேறும் முதல் மழையில் ஒருசேரக் கிளம்பி வரும். அந்தச் சேறு கலங்கும்போது ஹைட்ரஜன் சல்பைடு வெளியேறும் என்பதை அழுகிய முட்டை நாற்றத்தைக் கொண்டே அறியலாம். முகத்துவாரத்தை மணல் மூடியிருந்தால் கடல்நீர் உள்ளே வந்து கழுவிச் செல்லவும் வழி இருக்காது. இவற்றுள் எது எவ்வளவு என்று பிரித்துச் சொல்வதற்குத்தான் விசாரணை வேண்டும். மயிலாப்பூர்த் தெப்பக்குளம் போன்ற இடங்களில் காரணம் வேறாக இருக்கலாம்; பக்தர்கள் அன்போடு தூவும் பொரி தின்னப்படாமல் மிஞ்சினால் அதுவும் அழுகி ஆக்சிஜனைக் குடிக்கும். ஒரே வாக்கியத்தை எல்லா நீர்நிலைக்கும் ஒட்டவைக்க முடியாது.

அளக்க மனமிருந்தால் அளக்க முடியும் என்பதற்கு நம் ஊரிலேயே சான்று இருக்கிறது. 2023 டிசம்பர் 26 இரவு எண்ணூர் பெரியகுப்பத்தில் உர ஆலைக்குச் செல்லும் கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்தபோது, கடல்நீரில் லிட்டருக்கு 5 மில்லிகிராம் இருக்க வேண்டிய இடத்தில் 49 மில்லிகிராம் இருந்தது என்று தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் உடனடியாகவே எண்ணைச் சொன்னது. அதே மாதத் தொடக்கத்தில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலிப் பகுதியிலிருந்து எண்ணெய் இறங்கி, பக்கிங்காம் கால்வாய் வழியே எண்ணூர்க் கழிமுகத்தில் பரவியதைத் தென்மண்டலப் பசுமைத் தீர்ப்பாயம் தானாக முன்வந்து விசாரித்தது. ஆலை விபத்துக்குக் கிடைக்கும் இந்த வேகம், பெயர் தெரியாத ஓர் ஏரியில் மீன் சாகும்போது கிடைப்பதில்லை. 2024 மே மாதம் கேரளத்தில் பெரியாற்றில் மீன்கள் பெருமளவில் செத்தபோது, அங்குள்ள மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் தடுப்பணையைத் திறந்ததால் ஆக்சிஜன் குறைந்ததாகக் கூறியது; கேரள மீன்வளப் பல்கலைக்கழகமோ அம்மோனியாவும் ஹைட்ரஜன் சல்பைடும் அதிகம் இருந்ததைச் சுட்டிக்காட்டியது. இரண்டும் பொதுவெளியில் வந்ததால் மக்கள் இரண்டையும் வைத்துக் கேள்வி கேட்க முடிந்தது. இங்கே சாந்தோம் நெடுஞ்சாலையில், அடையாற்று முகத்துவாரத்துக்கு வெகு அருகிலேயே, மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது. கிண்டியில் தமிழ்நாடு வாரியத்தின் தலைமையகமும் அண்ணா பல்கலைக்கழகமும் இருக்கின்றன. ஆய்வகப் பஞ்சம் என்று சென்னையில் யாரும் சொல்ல முடியாது.

சட்டப் பக்கமும் ஒன்றுண்டு. 1974 ஆம் ஆண்டின் நீர் மாசு தடுப்புச் சட்டத்தின் 21 ஆம் பிரிவு, கழிவுநீர் மாதிரி எடுக்கும்போது உரிமையாளருக்கு அறிவிப்புக் கொடுத்து, மாதிரியை இரண்டாகப் பிரித்து, முத்திரையிட்டுக் கையொப்பம் பெற வேண்டும் என்று விதிக்கிறது. இந்த முறை கடைப்பிடிக்கப்படாவிட்டால் ஆய்வு முடிவை நீதிமன்றத்தில் சாட்சியமாக ஏற்க முடியாது. எதிர்பாராத விபத்தால் நச்சுக்கழிவு வெளியேறினால் அதை உடனே வாரியத்துக்குத் தெரிவிக்க வேண்டிய கடமையை 31 ஆம் பிரிவு ஆலைப் பொறுப்பாளர் மீதே சுமத்துகிறது. அவசரத்தில் கேனில் மொண்ட மாதிரி, எவ்வளவு தெளிவான குற்றத்தைக் காட்டினாலும், வழக்கில் நிற்காது. காரணம் நிறுவப்படாத வரையில், சீனிவாசபுரத்திலும் ஊரூர் குப்பத்திலும் எண்ணூர்க் குப்பங்களிலும் வலையை மடித்து வைத்துவிட்டு உட்கார்ந்திருக்கும் குடும்பங்கள் இழப்பீடு கேட்டு யாரிடம் போவார்கள்? அவர்கள் பிடித்து வந்த நல்ல மீனைக்கூட அந்த வாரம் யாரும் வாங்குவதில்லை.

ஏரி நீர்வளத் துறையுடையது, கரை மாநகராட்சியுடையது, கழிவுநீர் குடிநீர் வாரியத்துடையது, மீன் மீன்வளத் துறையுடையது, நீரின் தரம் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துடையது என்று பொறுப்பு பிரிந்து கிடப்பதால், செத்த மீனைப் பார்த்ததும் யாரை அழைப்பது என்பதே பொதுமக்களுக்குத் தெரிவதில்லை. ஆகவே ஓர் அழைப்பு எண், ஒரு பொறுப்பு அலுவலர், அவரிடம் எப்போதும் தயாராக ஒரு மாதிரிப் பெட்டி என்பது முதல் தேவை. மீன்களை அள்ளும் முன் மேல்புறம், சாவு நடந்த இடம், கீழ்ப்புறம் என மூன்று இடங்களில் நீர் எடுக்கப்பட வேண்டும். அன்று பகலில் எடுத்ததோடு நிற்காமல் மறுநாள் விடியலிலும் ஒருமுறை எடுக்க வேண்டும். இதை எழுத்து வடிவில் நடைமுறை விதியாக்கி, எடுத்த நேரம், வெப்பம், பி.எச்., ஆக்சிஜன், அம்மோனியா, செத்த மீன் இனங்கள் ஆகியவற்றோடு முடிவை வாரியத்தின் இணையதளத்தில் வெளியிட வேண்டும். அதிகச் செலவு பிடிக்கும் திட்டமல்ல இது. ஆவடியிலிருந்து சத்யா நகர் வரையிலான கூவத்தில் லிட்டருக்கு 345 மில்லிகிராம் பி.ஓ.டி. இருப்பதாக மத்திய வாரியத்தின் 2022 அறிக்கை சொன்னதே, அந்த ஆற்றைச் சீர்செய்யும் செலவோடு பார்த்தால் இது மிகச் சிறிய தொகை.

தங்கள் நாளிதழிடமும் ஒரு வேண்டுகோள். இனி இத்தகைய செய்தி வெளியிடும்போது, மாதிரி எத்தனை மணிக்கு எடுக்கப்பட்டது, மீன்களை அள்ளுவதற்கு முன்பா பின்பா, எந்த இனங்கள் செத்தன என்ற மூன்று கேள்விகளைத் தங்கள் செய்தியாளர்கள் அலுவலரிடம் கேட்டு, விடையைச் செய்தியில் சேர்க்க வேண்டும். விடை கிடைக்காவிட்டால் கிடைக்கவில்லை என்று அச்சிட வேண்டும். ஒரு மாதம் கழித்து ஆய்வு முடிவையும் கேட்க வேண்டும். தராவிட்டால் 2005 ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது.

வடகிழக்குப் பருவமழையின் முதல் கனமழைக்கு முன்பே சைதாப்பேட்டை மறைமலையடிகள் பாலம், கோட்டூர்புரம் பாலம், திரு.வி.க. பாலம் ஆகிய மூன்று இடங்களிலும் விடியற்கால நீரை ஒரு வாரம் தொடர்ந்து அளந்து வைத்துக்கொள்ளுமாறு வாரியத்தைக் கேட்டுக்கொள்கிறேன். மழைக்குப் பின் மீன் செத்தால் ஒப்பிட்டுப் பார்க்க அந்த எண்கள் வேண்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற நீர்ப் பகுப்பாய்வாளர்,
மந்தைவெளி, சென்னை – 28