இட்லித் தட்டில் ஸ்க்ரூக்கள்

நாகர்கோவில்
ஐப்பசி, மழை நாள்

அன்புள்ள மக்கா,

உன் குரல் செய்தியை மூன்று தரம் கேட்டேன். பதினோரு நிமிடம் பேசியிருக்கிறாய். அதில் நான்கு நிமிடம் தோஹா வெயிலைத் திட்டியது. பதிலுக்குப் பேசலாம் என்று போனை எடுத்தால் எனக்கு வாய் ஓடாது, கைதான் ஓடும். நேற்று ராத்திரி பிடித்த மழை இங்கே இன்னும் விடவில்லை. கரண்டும் இல்லை. கடையைத் திறந்து வைத்துக்கொண்டு சும்மா இருப்பதற்கு உனக்கு எழுதலாம் என்று உட்கார்ந்துவிட்டேன்.

வீட்டில் எல்லாரும் சுகம். அம்மாவுக்கு வலது கண்ணில் புரை எடுத்தாயிற்று. இப்போது தெருவில் போகிறவர்களைத் திண்ணையில் இருந்தே பெயர் சொல்லிக் கூப்பிடுகிறாள். சின்னவள் நர்சிங் இரண்டாம் வருஷம். பின்பக்கம் நின்ற மட்டி வாழையில் இரண்டு குலை போன வாரக் காற்றில் சாய்ந்துவிட்டது. 2023-இல் நம்ம மட்டிக்குப் புவிசார் குறியீடு கொடுத்தார்களே, அது காற்றுக்குத் தெரியவா போகிறது?

கடைசியில் சிரித்துக்கொண்டே ஒன்று கேட்டாய். "இப்பவும் கருகின ஐசியைத் தடவிக்கிட்டுத்தான் இருக்கியா, இல்ல போர்டு மாத்தப் படிச்சிட்டியா?" மாற்றினேன் மக்கா. போன மாசம், ஒரு கேமராவின் மெயின் போர்டையே மாற்றினேன். வடசேரியில் நாம் ரிப்பேர் கடை வைத்திருந்த காலத்தில், கெட்ட பாகத்தைத் தேடாமல் முழு போர்டையே மாற்றுகிறவன் மெக்கானிக்கா, பல்பு மாற்றுகிறவனா என்று உன்னை நான் கேட்ட கேள்வி நினைவிருக்கிறதா? அதில் பாதியைத் திரும்ப வாங்கிக்கொள்கிறேன். மீதிப் பாதியை ஏன் வைத்திருக்கிறேன் என்பது கடைசியில் வரும்.

மேற்கே ஒரு கடற்கரை ஊர்க் கத்தோலிக்கக் கோயிலின் கேமரா. 2020 ஊரடங்கில் ஆள் வராத பூசையை யூடியூபில் காட்ட, பழையதாக வாங்கியது. கையில் அடங்குகிற பெட்டிக் கேமராதான். ஆனால் உள்ளே நிறத்துக்கு ஒன்றாக மூன்று சென்சாரும் வெளிச்சத்தைப் பிரிக்கிற பிரிசமும், முன்னால் டிவி லென்ஸ் மாட்டுகிற பி4 மவுண்ட், பின்னால் படத்தை வெளியே அனுப்புகிற எஸ்டிஐ. பாட்டுக்காரர்கள் நிற்கிற மேல்மாடியில் ஜன்னலுக்குப் பக்கத்தில் மாட்டியிருந்தார்கள். ஜன்னலுக்கு அந்தப் பக்கம் மணல், அதற்கு அந்தப் பக்கம் கடல். கேமராவுக்குள் ஒரு குட்டி ஃபேன். அது ஐந்து வருஷமாக என்ன காற்றை இழுத்து உள்ளே விட்டிருக்கும் என்று நீயே யோசித்துக்கொள்.

வந்தபோது அசைவே இல்லை. நாலு பின் எக்ஸ்எல்ஆர் பவர் சாக்கெட்டில் பன்னிரண்டு வோல்ட் சரியாகத்தான் போகிறது. நல்லபடி ஓடினால் ஒன்றேகால் ஆம்பியர் இழுக்க வேண்டியது, 0.3-இலேயே நின்றது. பவர் போர்டில் இருந்து 3.3, 1.8 வோல்ட் எல்லாம் வருகிறது, மெயின் போர்டுதான் எழும்பவில்லை. பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தபோது ஒரு கனெக்டருக்கு அடியில் பச்சைக் களிம்பு பூத்திருந்தது. என் புத்தி அப்போதே சால்டரிங் அயர்னைத் தேடியது. ஆனால் திருவிழாக் கொடியேற்றத்துக்குப் பத்தே நாள். அந்த ஊரில் பாதிப் பேர் உன்னைப்போல வளைகுடாவில் இருக்கிறார்கள். கொடி ஏறுவதை போனில் பார்க்கக் காத்திருப்பார்கள். பல அடுக்கு போர்டில் உள்ளே எந்த அடுக்கு அரித்திருக்கிறது என்று தேடிக்கொண்டிருந்தால் பத்து நாள் காணாது. அதே மாடலில், அமெரிக்காவில் ஓடின கேமராவில் கழற்றின போர்டு ஒன்று கிடைத்தது. வாங்கச் சொல்லிவிட்டேன்.

கழற்றுகிற வேலையைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ஒவ்வொரு அடுக்கையும் திறக்கும் முன் போனில் படம். எந்த அடுக்கில் இருந்து வந்த ஸ்க்ரூ என்று குழி குழியாக இட்லித் தட்டில் போட்டு வைத்தேன். மறுநாள் காலையில் வீட்டில் தட்டைத் தேடி ஒரு கலவரம். ஒரு ஸ்க்ரூ மட்டும் என்னை அழவைத்தது. ஜப்பான் ஸ்க்ரூ பார்க்க நம் பிலிப்ஸ் மாதிரியே இருக்கும், ஆனால் அது ஜிஸ் என்கிற ஜப்பான் தர அளவு. பிலிப்ஸ் முனை அதன் பள்ளத்தில் முழுசாக உட்காராது, முறுக்க முறுக்க மேலே ஏறி வழுக்கும். இத்தனை வருஷம் தெரிந்தும் கைக்குக் கிடைத்ததை எடுத்துத் திருகினேன். தலை மழுங்கிவிட்டது. நைசான ரம்பத்தால் அதில் ஒரு கோடு கீறி, சப்பை முனை வைத்து எடுக்க ஒரு மணி நேரம் போச்சு. இரும்புத்தூள் உள்ளே விழாமல் சுற்றிலும் டேப் ஒட்டினது தனிக்கதை.

புது போர்டை வைத்தேன், ஃப்ளெக்ஸ் கேபிள் எல்லாவற்றையும் சொருகிப் பூட்டைத் தட்டினேன், கரண்ட் கொடுத்தேன். ஒன்றேகால் ஆம்பியர். மானிட்டரில் படம். ஒரு மணி நேர வேலைக்கா இவன் தோஹாவில் சம்பளம் வாங்குகிறான் என்று உன்னைத்தான் நினைத்தேன்.

அப்புறம் லென்ஸை மூடினேன்.

கறுப்பாக இருக்க வேண்டிய படத்தில் பதினான்கு நட்சத்திரம். வெள்ளைத் தாளைக் காட்டினால் மேலே லேசாகப் பச்சை, கீழே ரோஸ். சென்சாரைத் தொடவே இல்லையே என்று வேர்த்துப்போனது. பிறகுதான் உறைத்தது. சென்சாரில் எந்தப் புள்ளி செத்தது, பிரிசத்தில் எந்தப் பக்கம் நிறம் சாய்கிறது, கறுப்பு எந்த மூலையில் எவ்வளவு ஏறுகிறது என்பதையெல்லாம் ஃபாக்டரியில் ஒவ்வொரு கேமராவாக அளந்து எழுதி வைப்பார்களே, இந்த மாடலில் அந்தக் கணக்கு இருப்பது மெயின் போர்டில். வந்த போர்டு வேறொரு கேமராவின் கணக்கை வைத்துக்கொண்டு இந்தக் கேமராவைத் திருத்திக்கொண்டிருந்தது. அடுத்தவன் ஜாதகத்தைப் பார்த்து இவனுக்குப் பரிகாரம் சொன்ன மாதிரி.

பழைய போர்டு எங்கே? பழைய சாமான் எடுக்கிற ஆக்கர் கடைக்காரர் வாரம் ஒருமுறை வந்து எடுக்கிற வாளியில் கிடந்தது. அவர் வருகிற நாள் மறுநாள். தப்பித்தேன்.

அதில் ஓரமாக ஒரு எட்டுக்கால் மெமரி ஐசி, 24சி64. எட்டு கிலோபைட்தான். போனில் ஒரு படத்துக்குக்கூட அது காணாது, ஆனால் அந்தக் கேமராவின் கண்ணைப் பற்றித் தெரிந்ததெல்லாம் அதற்குள்தான். ஹாட் ஏரில் எடுத்து, புரோகிராமர் கருவியில் வைத்து இரண்டு தரம் படித்து, இரண்டும் ஒன்றுதானா என்று ஒத்துப் பார்த்துக் கம்ப்யூட்டரில் பத்திரப்படுத்தினேன். இரண்டு போர்டிலும் உள்ளே ஓடுகிற மென்பொருள், அதாவது ஃபர்ம்வேர், ஒரே வரிசையா என்றும் பார்த்துக்கொண்டேன். வேறாக இருந்து, எண்களை எழுதும் இடம் மாறியிருந்தால், இருப்பதும் கெட்டுவிடும். பிறகு ஐசியையே புது போர்டில் வைத்து ஒட்டினேன். அங்கிருந்து கழற்றியதை ஒரு டேப்பில் ஒட்டிப் பெயர் எழுதி வைத்திருக்கிறேன்.

பதினான்கில் பன்னிரண்டு நட்சத்திரம் அணைந்தது. மீதி இரண்டு இந்த ஐந்து வருஷத்தில் புதிதாகச் செத்தவையாக இருக்கும். லென்ஸை மூடி, கறுப்பைத் தானே சரிசெய்கிற ஆட்டோ பிளாக்கை மூன்று தரம் ஓட்டினேன், அவையும் போயின. வெள்ளையில் லேசான சாய்வு பாக்கி இருந்தது. அதை வெளிச்ச அளவு காட்டுகிற அலைவடிவம் பார்த்துக் கையால் திருத்த 3200 கெல்வின் வெளிச்சம் வேண்டும். இப்போது எந்தக் கடையில் ஹாலோஜன் இருக்கிறது? எல்லாம் எல்இடி. பரணில் ஏறித் தேடினால், கல்யாண வீடுகளில் நீ தூக்கிப் பிடித்து நின்றாயே, அந்த ஆயிரம் வாட் வீடியோ லைட் இரண்டு கிடக்கிறது. ஒன்று எரிந்தது! மாப்பிள்ளை முகத்தில் வேர்வை வழிய வைத்த அதே சூடு. இந்த மழைக்காலத்தில் கடைக்குள் ஒரு மணி நேரம் சுகமாக இருந்தது.

இங்கேதான் நான் ஒரு கோட்டை விட்டேன், நீ சிரிப்பாய். முதல் தரம் படம் வந்தபோதே கடை டியூப்லைட்டில் ஒரு நடுக்கம் தெரிந்தது. ஸ்டார்ட்டர் மாற்றினேன். போகவில்லை. சோக்கையும் மாற்றினேன். அப்பவும் போகவில்லை. சவத்தை அணைத்துத் தொலை என்று அணைத்துவிட்டு ஹாலோஜனில் வேலையை முடித்துவிட்டேன். கொடியேற்றத்துக்கு முந்தின நாள் கோயிலில் மாட்டினால், கேமராப் படங்களை மாற்றி மாற்றிக் காட்டுகிற ஸ்விட்சரில் படமே இல்லை, கறுப்பு. என் கடை மானிட்டர் எதைக் கொடுத்தாலும் காட்டும், அந்த ஸ்விட்சர் நொடிக்கு ஐம்பது முறை எடுக்கிற 1080i/50 படத்தைத் தவிர எதையும் ஏற்காது. எனக்கு அது உடனே தோன்றவில்லையே. நொடிக்கு 1.485 கிகாபிட் ஓடுகிற கேபிள், உப்பு பிடித்திருக்கும் என்று பிஎன்சி கனெக்டர் இரண்டையும் வெட்டிப் புதிதாகப் போட்டேன். பங்குத்தந்தை கீழே நின்று ஒன்றும் கேட்காமல் பார்த்துக்கொண்டிருந்தார். திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை.

ஏணியில் இருந்து இறங்கும்போதுதான் டியூப்லைட் ஞாபகம் வந்தது. போர்டு அமெரிக்காக்காரன். மெனு அமைப்பெல்லாம் அந்த எட்டுக்கால் ஐசியில் இல்லை, போர்டிலேயே வேறு ஃப்ளாஷ் மெமரியில் இருக்கிறது. அது அமெரிக்க முறைப்படி நொடிக்கு 59.94-இலேயே ஓடிக்கொண்டிருக்கிறது. நம் கரண்டில் டியூப்லைட் நொடிக்கு நூறு தரம் மின்னும், நொடிக்கு ஐம்பது முறை எடுத்தால் ஒவ்வொரு முறைக்கும் சரியாக இரண்டு மின்னல். அறுபதுக்குக் கணக்கு உதைக்கும், அதுதான் நடுக்கம். மெனுவில் 50-க்கு மாற்றி அணைத்துப் போட்டேன், ஸ்விட்சரில் பீடம் தெரிந்தது. நல்லா இருந்த ஒரு சோக்கை மாற்றிய காசு நஷ்டம்.

கொடி ஏறியது, படம் போனது. மணி மீட்டரில் மட்டும் அமெரிக்காக்காரன் ஓட்டிய பத்தொன்பதாயிரம் மணி நேரம் அப்படியே இருக்கிறது, அதை மாற்ற எனக்கு மனசில்லை. கேமராவை ஜன்னலை விட்டுத் தள்ளி உள்தூணில் மாட்டச் சொல்லிவிட்டேன்.

பழைய போர்டு மேசையில்தான் இருக்கிறது. கனெக்டரைத் தூக்கி, அரித்துப்போன கோட்டுக்கு ஜம்பர் கம்பி இழுத்தால் எழும்பும் என்றுதான் என் கை சொல்கிறது. நான் திரும்ப வாங்காத பாதி இதுதான். நீ வரும்வரை தொடமாட்டேன். டிசம்பர் 3 கோட்டாறு சவேரியார் திருநாளுக்கு முன்னால் வந்துவிடு, ஒரு ராத்திரி கடையில் உட்காரலாம். மரச்சீனிக் கிழங்கும் சாளை மீன் குழம்பும் என் பொறுப்பு. வரும்போது நல்ல ஜிஸ் ஸ்க்ரூடிரைவர் 00, 0, 1 மூன்றும் வாங்கி வா. இங்கே கிடைப்பதெல்லாம் பெயரளவுக்குத்தான்.

மைனியைக் கேட்டதாகச் சொல். கால் வலி தேவலையா?

உன் பழைய பெஞ்சுக்காரன்

பி.கு: இட்லித் தட்டை இன்னும் திருப்பிக் கொடுக்கவில்லை. ஒரு குழியில் ஒரு ஸ்க்ரூ மிச்சம் கிடக்கிறது. எங்கே இருந்து வந்தது என்று போனில் உள்ள படங்களை எல்லாம் பார்த்தாயிற்று, தெரியவில்லை.