செவ்வாய் என்றால் செவ்வாய் வர வேண்டும்

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்.

சாலைகளும் வட்டார வளர்ச்சியும் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். பர்மாவில் ரங்கூனுக்கும் எங்கள் ஊரான மோல்மீனுக்கும் பயண நேரம் குறையக் குறைய ஊர் வளரும் என்று எழுதியிருந்தீர்கள். மோல்மீனில் அப்பா காலத்திலிருந்து மளிகைக் கடை நடத்துகிறோம். எங்கள் அனுபவத்தில், சரக்கு எத்தனை மணி நேரத்தில் வருகிறது என்பதைவிட, சொன்ன நாளில் வருகிறதா என்பதுதான் பெரிது.

2005இல் தான்லுவின் ஆற்றின்மேல் பாலம் திறக்கும்வரை ரங்கூன் ரயில் அக்கரையில் மொட்டமா ஊரோடு நின்றுவிடும். மூட்டைகளை இறக்கி, படகில் ஏற்றி, இக்கரையில் மறுபடி இறக்க வேண்டும். ஒவ்வொரு இடத்திலும் கூலி. பருப்பு மூட்டை வந்தால் அப்பா முதலில் அடிப்பக்கத்தை உள்ளங்கையால் தடவிப் பார்ப்பார். மழைக்காலத்தில் ஈரம் தட்டும். பிரித்து, அடுப்படியில் பாய் விரித்துப் பரப்பி உலர்த்துவது பிள்ளைகளான எங்கள் வேலை.

தாய்லாந்துச் சரக்கு வந்த வழி இன்னும் மோசம். தாய்லாந்து எல்லையில் இருக்கும் மியவாடிக்கும் இந்தப் பக்கம் காக்கரேக் ஊருக்கும் நடுவே டாவ்னா மலைப்பாதை அவ்வளவு குறுகல். ஒரு நாள் ஏறும் வண்டிகள், மறுநாள் இறங்கும் வண்டிகள். 2015இல் தாய்லாந்து போட்டுக்கொடுத்த புதுச் சாலை திறந்தது. அதுவரை கிட்டங்கியில் பதினைந்து நாள் சரக்கு வைத்திருந்த நாங்கள் ஐந்து நாள் சரக்கோடு சமாளித்தோம். சரக்கில் முடங்கிக் கிடந்த முதல் பணம் கைக்கு வந்தது. அதைப் போட்டுத் தம்பி பக்கத்து ஊரான முடோனில் கடை திறந்தான், நாலு பேருக்கு வேலை கிடைத்தது.

2023 கடைசியிலிருந்து அந்தச் சாலையில் சண்டை. லாரிகள் சுற்றி வருகின்றன, என்றைக்கு வந்து சேரும் என்று ஓட்டுகிறவருக்கே தெரியாது. முதல் பணம் மறுபடி கிட்டங்கிச் சரக்குக்குள் போய்விட்டது. முடோன் கடையில் இரண்டு பேரை வேலையிலிருந்து நிறுத்தும்படி ஆனது. அது இன்னும் மனதை உறுத்துகிறது. அங்கே ரப்பர்த் தோட்டக்காரர்களும் புகைபோட்ட ஷீட்டை அடுக்கிவைத்துக்கொண்டு லாரிக்குக் காத்திருந்து, கடைசியில் வாங்குகிறவர் கேட்ட விலைக்குக் கொடுக்கிறார்கள்.

சரி, சண்டையை நாம் நிறுத்த முடியாது. ஆனால் ரங்கூன் பக்கத்துக்கு ஒன்று கேட்கலாம். தான்லுவின் பாலத்தில் தண்டவாளம் இருக்கிறது. மோல்மீன் ரயிலில் வாரம் இரண்டு குறித்த நாட்களில் சிறு வியாபாரிகளுக்கென்று சரக்குப் பெட்டி சேர்க்கச் சொல்லி உங்கள் இதழ் எழுத வேண்டும். மெதுவாக வந்தாலும் பரவாயில்லை. செவ்வாய்க்கிழமை வரும் என்றால் செவ்வாய்க்கிழமை வர வேண்டும், அவ்வளவுதான் கேட்கிறோம்.

இப்படிக்கு,
மளிகை வியாபாரி ஒருவர்,
மோல்மீன்.