வேலி போட்ட பிறகுதான் தண்ணி

கல்லடி,
மட்டக்களப்பு.

அன்புள்ள மகளுக்கு,

அம்மா எழுதுறன். நானும் அப்பாவும் நல்ல சுகம். போன்ல சொன்னா நீயும் மருமகனும் "சரி அம்மா, பாப்பம் அம்மா" எண்டு வெச்சிருவீங்க. அதனாலதான் இருந்து எழுதுறன். இதை ரெண்டு பேரும் சேர்ந்து கடைசி மட்டும் வாசிக்கணும்.

வீட்டு வேலை குறையில்லாமப் போகுது. மேல் மாடிக்கு சிலாப் போட்டு முடிஞ்சுது, ஜன்னல் நிலையெல்லாம் வெச்சாச்சு. பின் வளவில நீச்சல் பூலுக்கு அடிக் கொங்கிரீட்டும் சுவரும் முடிஞ்சு, அடுத்த கிழமை டைல் பதிக்க ஆள் வருது. நேத்து மேசன் பாஸ் அப்பாட்ட வந்து, "ஐயா, மகள் வேலி வேணாமாம். விறாந்தையில இருந்து பாக்கக்குள்ள பூல் மறைக்காம வடிவாத் தெரியணுமாம்" எண்டார். மகள், நீ ஆசைப்பட்டுக் கட்டுற வீடு, நீ உழைச்ச காசு. டைல் என்ன நிறம், குசினி எந்தப் பக்கம் எண்டதில நான் வாயே திறக்கல்ல. ஆனா இதில விட மாட்டன். வேலியும் கதவும் போட்டு முடியாம அதுக்குள்ள ஒரு வாளித் தண்ணியும் விடக்கூடாது எண்டு பாஸிட்ட சொல்லிட்டன்.

நீ இருக்கிற மெல்பேர்ன்ல இப்பிடிக் கட்ட விடுவாங்களா? அங்க வேலி ஆகக் குறைஞ்சது 1.2 மீற்றர் உயரம் நிக்கணும். கம்பிக்கும் கம்பிக்கும் இடையில 10 சென்ரிமீற்றருக்கு மேல இடைவெளி வரக்கூடாது, அடியிலயும் அப்பிடித்தான். கதவு வெளிப்பக்கமாத்தான் திறக்கணும், கையை விட்டா தானாச் சாத்தித் தானாக் கொளுவணும். பிள்ளை ஏறி நிக்கிறதுக்கு ஒரு கதிரையோ பூச்சாடியோ வேலிக்குப் பக்கத்தில இருக்கக்கூடாது. உங்கட விக்டோரியாவில பூலை நகரசபையில பதிஞ்சு, நாலு வருசத்துக்கு ஒருக்கா ஆள் கூப்பிட்டுச் சோதிச்சு சான்றிதழும் குடுக்கணும். இங்க ஒருத்தரும் வந்து கதவை ஆட்டிப் பாக்காட்டியும், தவறி விழப்போறது அதே பிள்ளைதானே.

மருமகன் போன தடவை சொன்னார், "நாங்கெல்லாம் வாவியில நீந்தி வளந்த ஆக்கள் மாமி" எண்டு. உண்மைதான். ஆனா வாவிக்குப் போறதெண்டா பிள்ளை வீட்டை விட்டு இறங்கி, ஒழுங்கையால நடந்து, நாலு பேர் கண்ணில பட்டுத்தான் போகும். இது படுக்கையறைக் கதவைத் திறந்தா பத்து எட்டு. சின்னவளுக்கு மூணு வயசு. ஒண்டுக்கும் நாலுக்கும் இடைப்பட்ட வயசுதான் வீட்டுத் தண்ணிக்கு ஆகப் பொல்லாத வயசு. நடக்கத் தெரியும், கதவு திறக்கத் தெரியும், பயம் தெரியாது.

நான் ஆஸ்பத்திரி வார்ட்டில நேர்ஸா வேலை செய்த காலத்தில கிணத்திலயும் குளத்திலயும் விழுந்த பிள்ளைகளைத் தூக்கிட்டு ஓடி வந்த தாய்மாரைக் கண்டிருக்கன். எல்லாரும் சொன்னது ஒரே சொல்லுத்தான்: "இப்பதான் இதில நிண்டது மிஸி, ஒரு சத்தமும் கேக்கல்ல." கேக்காது மகள். தண்ணியில தாழுற பிள்ளை கத்தாது. கத்துறதுக்கு மூச்சு வேணும், வாய் தண்ணிக்கு மேல வந்தா அது மூச்சு எடுக்கத்தான் பாக்கும், குரல் குடுக்க நேரம் கிடைக்காது. கையைத் தூக்கி ஆட்டவும் மாட்டுது. ஒரு நிமிசத்துக்குள்ள அமிழ்ந்திரும். மூச்சு நிண்டு நாலஞ்சு நிமிசத்தில மூளை பழுதாகத் தொடங்கும். அடுப்பில பாலை இறக்கி வெச்சிட்டு வாற நேரம்தான் அது.

வேலியைப் பத்தி இன்னொண்டு. "வீட்டுச் சுவர் ஒரு பக்கம் இருக்கு, மதில் ரெண்டு பக்கம் இருக்கு, மிச்சப் பக்கத்துக்கு மட்டும் அடைப்பம்" எண்டு பாஸ் கணக்குச் சொல்றார். அது வெளியாளைத் தடுக்கிற வேலி. எங்கட பிள்ளைகள் வீட்டுக்குள்ள இருந்தெல்லோ வரப்போகுதுகள்? குசினிக் கதவும் விறாந்தைக் கதவும் நேரே பூலுக்குத்தான் திறக்குது. பூலைச் சுத்தி நாலு பக்கமும் தனி வேலி வேணும், வீட்டுக்கும் தண்ணிக்கும் இடையில ஒரு படலை வேணும். பின்பக்க மதில் நாலடிதான். அதுக்கு அங்கால இருக்கிற வீட்டுப் பொடியன்கள் இப்பவே மதிலால ஏறிக் குதிச்சு வந்து மணல் கும்பியில விளையாடுறாங்க. போன கிழமை பெஞ்ச மழையில குழிக்குள்ள முழங்கால் அளவுக்குத் தண்ணி நிண்டுது. ஒரு சின்னப் பொடியன் சுவர் விளிம்பில வயிறு படப் படுத்து, ஒரு கையால சிரட்டையை விட்டு தவளைக் குஞ்சு அள்ளிட்டு இருந்தான். மற்றக் கை வழுவழு எண்ட பச்சைக் கொங்கிரீட்டில. அப்பா மெதுவாப் போய் காலைப் பிடிச்சு இழுத்தெடுத்தார். அண்டைக்கே பம்ப் போட்டு இறைச்சு, சுத்தித் தகரம் அடிச்சு மறைச்சிருக்கம்.

மறுகா, நீங்க வாறது மார்கழி விடுமுறைக்கு. உங்களுக்குக் கோடை, எங்களுக்கு மாரி. நிலமெல்லாம் பாசி பிடிச்சு வழுக்குற காலம். பூலைச் சுத்திப் பதிக்கிறதுக்கு மினுங்குற டைல் தெரிவு செஞ்சிருக்கிறாய். அதை மாத்தி சொரசொரப்பானது எடு. மழைத் தண்ணி கலந்து பூல் கலங்கி, அடியில தண்ணி உறிஞ்சுற ஓட்டையிட மூடி கண்ணுக்குத் தெரியாத நாளில ஒருத்தரும் இறங்கக் கூடாது. கலங்கல் தண்ணிக்கு அடியில பிள்ளை கிடந்தாலும் மேல நிக்கிறவனுக்குத் தெரியாது.

"நீங்க போன பிறகு தண்ணியை இறைச்சு வெறுமையா விட்டிருவம்" எண்டு நான்தான் முதல்ல நினைச்சிருந்தன். எஞ்சினியர் தம்பி கூடாது எண்டுட்டார். எங்கட மண் மணல், ஒரு பக்கம் கடல், ஒரு பக்கம் வாவி. மாரியில கிணத்துத் தண்ணி கட்டுக்குக் கிட்ட வந்து நிக்கும். அந்த நேரம் பூல் வெறுமையா இருந்தா நிலத்தடித் தண்ணி கீழ இருந்து தள்ளி அடிக் கொங்கிரீட்டை வெடிக்க வெச்சிரும், தொட்டியையே மேல கிளப்பினாலும் கிளப்பும் எண்டார். அப்ப எந்த நாளும் தண்ணி நிக்கத்தான் போகுது. மோட்டரை நிப்பாட்டி சும்மா விட்டா டெங்கு நுளம்புக்கு அதைவிட நல்ல இடம் கிடையாது. ஆக, நீங்க இல்லாத பதினொரு மாசமும் இந்த வளவில ஒரு ஆழத் தண்ணி இருக்கும். வேலி உங்கட பிள்ளைகளுக்கு மட்டும் கேக்கல்ல எண்டு இப்ப விளங்கும்.

அடியில தண்ணி உறிஞ்சுற ஓட்டையைப் பத்தி ஆறுதலா வாசி, இதைக் கனபேர் யோசிக்கிறதில்லை. பாஸ் வெச்சிருக்கிறது ஒரே ஒரு குழாய், அதுக்கு மேல தட்டையா ஒரு பிளாஸ்ரிக் மூடி, ரெண்டு ஸ்குரூ. நான் உள்ளங்கையை விரிச்சு வெச்சுப் பாத்தன், முழுதா மூடிப் போச்சு. மோட்டர் ஓடக்குள்ள ஒரு பிள்ளையிட வயிறோ முதுகோ அதை மூடினா, அந்த இழுவையில பிள்ளை ஒட்டிக்கும். மூடி கழண்டிருந்தா இன்னும் மோசம், தலைமயிர் உள்ள போய்ச் சிக்கும். 2002இல அமெரிக்காவில, முன்னாள் வெளியுறவு அமைச்சர் ஜேம்ஸ் பேக்கரிட பேத்தி வேர்ஜினியா கிரேம் பேக்கர் ஏழு வயசில இப்பிடித்தான் செத்தது. நல்லா நீச்சல் தெரிஞ்ச பிள்ளை. தாய் இழுத்தும் ஏலாமப் போச்சு. அந்தத் தாய் ஓயாமப் போராடி 2007இல அந்தப் பிள்ளையிட பேரிலயே அங்க சட்டம் வந்தது. மகள், எங்கட பெரியவனுக்கும் ஏழு வயசுதான்.

இதுக்கு வழி லேசு, டைல் பதிக்க முதல் செஞ்சா. ஒரு ஓட்டைக்குப் பதிலா ரெண்டு ஓட்டை, ஒண்டுக்கொண்டு மூண்டு அடி தள்ளி, ரெண்டும் ஒரே குழாயில சேரணும். ஒண்டு அடைபட்டா மற்றது இழுக்கும், பிள்ளை ஒட்டாது. தட்டை மூடி வேணாம், குவிஞ்ச மூடி வேணும். மோட்டரை நிப்பாட்டுற சுவிட்ச் பூலடியில கை எட்டுற இடத்தில இருக்கணும். இப்ப அது மோட்டர் அறைக்குள்ள, பூட்டுக்கு உள்ள.

கரண்ட் விசயம் அப்பா பாத்துக்கொள்றார். தண்ணிக்குள்ள போடுற லைட் 12 வோல்ட்டாத்தான் இருக்கணும். மோட்டர் லைனுக்கு 30 மில்லி அம்பியர் ட்ரிப் சுவிட்ச் தனியாப் போடச் சொல்லியாச்சு. பூலுக்குக் கிட்ட பிளக் பொயின்ற் ஒண்டும் வைக்க விடல்ல. கலியாண வீட்டுக்குச் செய்யிற மாதிரி வயர் இழுத்து மின்குமிழ் மாலை கட்டுற கதையை மருமகன் விடணும், மாரி மழையில அது வேணாம்.

மருந்துச் சாமானுக்கு உயரத்தில பூட்டுப் போட்ட தட்டு. குளோரின் தூளும் அசிட்டும் ஒண்டாக் கலந்தா நச்சு வாயு கிளம்பி நெஞ்சைச் சுட்டுப்போடும், அதனால ரெண்டையும் ஒரே வாளியில அள்ளக் கூடாது. தூளைத்தான் தண்ணிக்குள்ள போடணும், தூளுக்கு மேல தண்ணி ஊத்தக் கூடாது. சோடாப் போத்தல்ல அசிட் ஊத்தி வைக்கிற பழக்கம் எங்கட ஊரில இருக்கு. வீட்டைப் பாக்க வாற பொடியனுக்கு இதெல்லாம் நானே சொல்லிக் குடுப்பன்.

குடிபுகலுக்கு நூறு பேர் வருவாங்க. "இவ்வளவு ஆக்கள் நிக்கக்குள்ள பிள்ளைக்கு என்ன வரப்போகுது" எண்டு எல்லாரும் நினைப்பாங்க. ஆள் கூடக் கூடத்தான் பயம், மற்றவன் பாத்துட்டு இருக்கிறான் எண்டு எல்லாரும் விட்டிருவாங்க. அண்டைக்கு ஒருத்தர் பேர் சொல்லிப் பொறுப்பு எடுக்கணும். கையில போனும் இல்லாம, குடிச்சும் இருக்காம, கதிரையைப் பூலடியில போட்டுட்டு இருக்கணும். அரை மணித்தியாலத்துக்கு ஒருக்கா ஆளை மாத்துங்க. காத்து ஊதிக் கையில மாட்டுறதை நம்பி அந்தாள் எழும்பிப் போகக் கூடாது, அது கழண்டுரும். விளையாட்டுச் சாமான் ஒண்டும் தண்ணியில மிதக்க விடாதே, அதை எடுக்கத்தான் பிள்ளை குனியும். அக்காட பெரிய பொடியன்களுக்குச் சொல்லி வை, ஆழம் அஞ்சடிதான், தலைகீழாப் பாய்ஞ்சா கழுத்து முறியும். ஆழத்தை விளிம்பில எழுதி வைக்கச் சொல்லியிருக்கன்.

இவ்வளவு செஞ்சும் ஏதும் நடந்தா எண்டதையும் எழுதத்தான் வேணும். எங்கட ஆக்கள் பிள்ளையைத் தண்ணியால எடுத்த உடன தலைகீழாப் பிடிச்சுச் சுத்துவாங்க, வயித்தை அமத்தித் தண்ணி எடுக்கப் பாப்பாங்க. அதால தண்ணியும் வராது, இருக்கிற நேரமும் போயிரும், சத்தி நெஞ்சுக்குள்ளயும் இறங்கும். மூச்சு இல்லாட்டி பலகையிலயோ நிலத்திலயோ நிமித்திக் கிடத்தி, முதல் அஞ்சு தரம் வாயால மூச்சு ஊதணும். மறுகா நெஞ்சு நடுவில 30 தரம் அமத்தல், ரெண்டு மூச்சு, திரும்ப 30. நிமிசத்துக்கு 100 இலயிருந்து 120 வேகம். நெஞ்சின்ட தடிப்பில மூண்டில ஒரு பங்கு இறங்கணும். ஒருத்தர் இதைச் செய்ய மற்றவர் 1990க்கு அடிக்கணும், அம்புலன்ஸ் காசில்லாம வரும். பிள்ளை எழும்பி அழுதாலும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகத்தான் வேணும், சில வேளை கொஞ்ச நேரம் கழிச்சுத்தான் மூச்சு இளைக்கத் தொடங்கும். நீங்க ரெண்டு பேரும் அங்கயே ஒரு நாள் முதலுதவி வகுப்புக்குப் போயிட்டு வாங்க. இங்க நான் அப்பாவுக்கும் அக்காவுக்கும் தலையணையை வெச்சுப் பழக்குறன்.

இதெல்லாம் கேட்டுட்டு "அப்ப பூலே வேணாம்" எண்டு சொன்னாலும் எனக்குச் சந்தோசம்தான். குழியை மூடி முற்றம் ஆக்கிருவம், பிள்ளைகளை பாசிக்குடாவுக்குக் கூட்டிப் போவம், அங்க கன தூரம் போனாலும் இடுப்பளவு தண்ணிதான். அதுக்கும் ஒரு ஆள் பக்கத்தில நிக்கணும் எண்டது வேற.

பூல் வேணும் எண்டா, விறாந்தைப் பக்கம் கண்ணாடி வேலி போடலாமாம், பார்வை மறைக்காது, விலை கூட. மற்ற மூண்டு பக்கத்துக்கும் அலுமினியம். இரும்பு போட்டா இந்தக் கடல் காத்துக்கு ரெண்டு மாரி தாங்காது, கதவுக் கீல் துருப்பிடிச்சா தானாச் சாத்தாது. தானாச் சாத்துற கீலும் கொளுக்கியும் இங்க தேடிப் பாத்தம், அப்பாவுக்குத் திருப்தியா ஒண்டும் அம்பிடல்ல. நீ அங்க வாங்கி, குவிஞ்ச மூடி ரெண்டையும் சேத்து, இந்த மாசம் வாற உன்ட சிநேகிதியிட்ட குடுத்து விடு. கொளுக்கி 1.5 மீற்றர் உயரத்தில வரணும், அதுக்கு ஏத்த மாதிரி நீளமானதா எடு. கண்ணாடியா, முழுக்க அலுமினியமா எண்டதை ஞாயித்துக்கிழமைக்கு முதல் அப்பாவுக்கு வட்ஸ்அப்ல சொல்லு. திங்கக்கிழமை பாஸ் அட்வான்ஸுக்கு வருவார். ரெண்டாவது குழாயிட விலையையும் அண்டைக்குத்தான் பேசணும்.

அன்புடன்,
அம்மா