நகராதவன் எழுதுவது

காரைக்குடி,
மார்கழி 3

அன்புள்ள மாப்பிள்ளை,

உன் கடிதம் வந்தது. "40 வருஷமாக அதே முகப்பு, அதே திண்ணை. நீ நகரவே மாட்டாயா?" என்று கேட்டிருக்கிறாய். சரி என்று கணக்குப் போட்டேன். இன்று காலை அந்தத் திண்ணையில் காபியும் பேப்பருமாக உட்கார்ந்து எழுந்ததற்குள், பூமிக்கும் நிலாவுக்கும் உள்ள தூரத்தைக் கடந்திருக்கிறேன். 16 நிமிஷம்தான்.

எதை வைத்து என்பாய். பக்கத்துத் தண்டவாளத்து ரயில் கிளம்பினால் நாம் போவதுபோலத் தெரியும், எதை வைத்துப் பார்க்கிறோம் என்பதுதான் விஷயம் என்றார் நம் அறிவியல் வாத்தியார். "எல்லாவற்றுக்கும் பொதுவாக ஒன்று இருந்தால்?" என்று கேட்டு நீ பெஞ்சு மேல் ஏறி நின்றாயே, அந்தக் கேள்விக்குப் பதில் இருக்கிறதடா.

1964-ல் அமெரிக்காவின் ஹோம்டெல்லில் பென்சியாஸ், வில்சன் என்ற இருவர் ஒரு பெரிய கொம்பு ஆன்டெனாவில் ஓயாத இரைச்சலைக் கேட்டார்கள். எந்தப் பக்கம் திருப்பினாலும் அதே அளவு. உள்ளே குடியிருந்த புறாக்களை அப்புறப்படுத்தி, எச்சத்தைத் துடைத்தும் போகவில்லை. (எங்கள் வளவிலும் தினம் நான் துடைக்கிறேன். அவர்களுக்கு 1978-ல் நோபல், எனக்கு முதுகுவலி.) பிரபஞ்சத்துக்குச் சுமார் 3,80,000 வயதானபோது கிளம்பிய ஒளி அது. ஆறி ஆறி, இப்போது மைனஸ் 270 டிகிரிக் குளிரில் நுண்ணலையாக எல்லாத் திசையிலிருந்தும் வருகிறது.

எல்லாத் திசையிலும் ஒரே அளவு என்றேனே, அதில்தான் ஒரு சின்னக் கோணல். தூறலில் மொபெட் ஓட்டினால் சட்டையின் முன்பக்கம்தானே அதிகம் நனையும்? அதுபோல நாம் போகும் திசையில் இந்தக் கதிர்வீச்சு ஒரு டிகிரியில் ஆயிரத்தில் மூன்று பங்கு சூடு கூடி, பின்னால் அதே அளவு குறைந்திருக்கிறது. 1970-களில் யூ-2 விமானத்தில் கருவியை ஏற்றி இதை அளந்தார்கள். சூரியன் நம்மையும் இழுத்துக்கொண்டு வினாடிக்கு 370 கி.மீ. வேகத்தில் சிம்ம விண்மீன் கூட்டத்துப் பக்கமாக ஓடுகிறது. பூமி சூரியனைச் சுற்றும் 30 கி.மீ. வேகம் மார்கழி பிறக்கும் சமயத்தில் அதோடு சேர்கிறது, ஆனி பிறக்கும்போது எதிர்த்துப் போகிறது. ஆக, இப்போது 400-க்குப் பக்கம். நீ ஆனியில் வந்திருந்தபோது 340-தான், அதனால்தான் அப்படி மந்தமாக இருந்தேன்.

வாத்தியார் சொன்னதும் தப்பில்லை. ஜன்னலை அடைத்த ரயில் பெட்டிக்குள் என்ன சோதனை செய்தாலும் இந்த வேகம் பிடிபடாது. வெளியே எட்டிப் பார்க்க ஓர் அடையாளம் கிடைத்திருக்கிறது, அவ்வளவே. நம் ஊரில் கொப்புடையம்மன் கோயிலை வைத்து வழி சொல்கிறோமே, அந்த மாதிரி. என்ன, கோயில் ஓரிடத்தில் நிற்கிறது, இது எங்கும் நிறைந்து கிடக்கிறது.

அப்புறம், இரண்டாம் கட்டில் ஆத்தங்குடிக் கல் நாலைந்து பெயர்ந்துவிட்டது. ஆச்சிக்கு முழங்கால் வலி பரவாயில்லை. பங்குனித் திருவிழாவுக்கு வருவதானால் முன்னாலேயே எழுது. மாடி அறைப் புறாக்களைக் கிளப்ப எனக்கு ஒரு வாரமாவது வேண்டும்.

உன்,
பழைய பெஞ்சுக்காரன்