எங்களைப் பற்றி எழுத வரும் செய்தியாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய செய்தியாளர்களே, கட்டுரையாளர்களே,

வணக்கம். 2015 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு சென்னை சைதாப்பேட்டை அடையாற்றங்கரையிலிருந்து பெரும்பாக்கம் அடுக்குமாடிக் குடியிருப்புக்கு மாற்றப்பட்ட குடும்பங்களுள் எங்களுடையதும் ஒன்று. கரையில் இருந்தபோதும் சரி, இங்கு வந்த பிறகும் சரி, எங்களைப் பற்றி எழுத வருவோருக்குக் குறைவே இருந்ததில்லை.

கரையில் இருந்த நாளில் ஒரு பத்திரிகை எங்கள் தெருவின் படத்தை வெளியிட்டது. தண்ணீர் லாரிக்குக் காத்திருக்கும் குடங்களுக்கு நடுவே இரண்டு பெண்கள் கையை நீட்டிக் கத்துகிறார்கள். தண்ணீருக்கு அடிதடி என்று தலைப்பு. அவர்களுள் ஒருவர் என் சித்தி. அன்றைய சண்டை தண்ணீருக்கானதே அல்ல, ஏலச்சீட்டில் கட்டாமல் நின்றுபோன இரண்டு மாதத் தவணைக்கானது. அதே படத்தில் வரிசையின் முதலில் நின்ற, வாய் உடைந்த பச்சைக் குடம் படுத்த படுக்கையாகக் கிடந்த ஒரு பாட்டியுடையது. லாரி வந்தால் முதல் குடம் அவருக்குத்தான் என்பது எங்கள் தெருவில் யாரும் எழுதி வைக்காத சட்டம். வீட்டுவேலைக்குப் போன பெண்களுக்காக அவரவர் செங்கல் வரிசையில் இடம்பிடித்து நிற்கும், அதை எவரும் நகர்த்தமாட்டார்கள். (நானறிய ஒரே ஒரு முறை நகர்த்தினார்கள், அதற்கான பஞ்சாயத்து மூன்று நாள் நடந்தது.) சித்தியிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் இவ்வளவும் சொல்லியிருப்பார்.

1970இல் தொடங்கிய, எங்கள் அடுக்குமாடிகளைக் கட்டிய குடிசை மாற்று வாரியம் 2021இல் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியமாகப் பெயர் மாறியதைச் செய்தியாக்கினீர்கள். எங்கள் முகவரிக்கு அப்படியொரு பெயர்மாற்றம் கிடைக்கவில்லை. கொலை, கஞ்சா என்றால் மட்டும், எங்களைப் போல் மாற்றப்பட்டவர்கள் வாழும் கண்ணகி நகர், பெரும்பாக்கம் ஆகிய பெயர்களைக் கொட்டை எழுத்தில் அச்சிடுவதன் பலன் எங்கள் பிள்ளைகள் மீதுதான் விழுகிறது. என் தம்பி வேலைக்கான விண்ணப்பங்களில் இன்றும் சைதாப்பேட்டை அத்தை வீட்டு முகவரியையே எழுதுகிறான். லிஃப்ட் பழுதான நாள்களில் ஏழாவது மாடிக்குத் தோளில் ஏறும் கேஸ் சிலிண்டரையோ, முன்பு வேலை செய்த அதே வீடுகளில் பாத்திரம் துலக்குவதற்காக விடியுமுன் கிளம்பி இரண்டு பேருந்து மாறிப் போகும் பெண்களையோ நீங்கள் எழுதி நான் அதிகம் படித்ததில்லை.

வெள்ளமும் தீயும் இல்லாத ஒரு நாளில் வாருங்கள். எழுதியதை அச்சுக்குப் போகுமுன் சம்பந்தப்பட்டவருக்குப் படித்துக் காட்டுங்கள். காலை ஐந்து மணிக்கு வந்தால் என் அம்மா பேருந்து நிறுத்தத்தில் நிற்பார். படம் எடுக்குமுன் அவரிடம் கேட்டுவிடுங்கள்.

இப்படிக்கு,
பெரும்பாக்கத்தில் குடியிருப்பவள்