எளிய பாதைகளுக்காக ஒரு திறந்த மடல்

காட்டுப் பாதைகளையும் கைவிடப்பட்ட ரயில் தடங்களையும் பொறுப்பில் வைத்திருக்கும் அலுவலர்களுக்கும், ஓய்வு நாளில் மண்வெட்டியோடு வந்து பாதை வெட்டித் தரும் தன்னார்வலர்களுக்கும்,

வணக்கம்.

மவுண்டன் பைக் என்றாலே பாறையிலிருந்து பாய்கிற இளைஞர்தான் பலருக்கு நினைவுக்கு வருவார். அவர்களுக்கும் பாதை வேண்டும், அதில் எனக்கு மறுப்பே இல்லை. நான் எழுதுவது மற்றவர்களுக்காக. மரநிழலில், மண் தரையில், பின்னால் ஹாரன் சத்தம் இல்லாமல் ஒன்றிரண்டு மணி நேரம் பெடல் மிதித்தால் போதும் என்று நினைக்கிறவர்களுக்காக. அவர்களில் குழந்தைகள் உண்டு. முழங்கால் வலியோடு மெதுவாக உடம்பைத் தேற்றிக்கொள்கிறவர்கள் உண்டு. அறுபது வயதுக்கு மேல் முதல்முறையாகத் தடிமனான டயர் போட்ட சைக்கிளில் ஏறியவர்களும் உண்டு.

இவர்களுக்கு வேண்டியவை பெரும்பாலும் உங்கள் கையில் ஏற்கெனவே இருக்கின்றன. ஒருபக்கம் சமதளமான பழைய ரயில் தடம், இன்னொரு பக்கம் அதற்குப் பக்கத்திலேயே காடு. இரண்டையும் சேர்க்கிற சின்னத் துண்டுதான் இல்லை. புதிதாக எதை வெட்டுவதற்கு முன்பும் அந்தத் துண்டுக்குப் பணம் ஒதுக்குங்கள் என்று கேட்கத்தான் இந்த மடல்.

ரயில் தடத்தின் அருமையை முதலில் சொல்லிவிடுகிறேன். இரும்புச் சக்கரத்துக்கு இரும்புத் தண்டவாளத்தில் பிடிமானம் குறைவு. பாரம் இழுக்கும் எஞ்சின் செங்குத்தான ஏற்றத்தில் சறுக்கிவிடும். அதனால்தான் அந்தக் காலத்துப் பொறியாளர்கள் மேட்டை வெட்டினார்கள், பள்ளத்தில் மண் கொட்டிக் கரை எழுப்பினார்கள், வேறு வழியில்லாத இடத்தில் மலையைக் குடைந்தார்கள். பெரும்பாலான தடங்களில் 100 மீட்டர் தூரத்துக்கு 2 மீட்டருக்கு மேல் ஏற்றம் இருக்காது. வளைவுகளும் தாராளமானவை. நீராவி எஞ்சினுக்காகப் பட்ட அந்தப் பாடெல்லாம் இன்று எட்டு வயதுக் குழந்தையின் காலுக்குப் பயன்படுகிறது.

இது புதிய யோசனையும் இல்லை. அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் எல்ராய், ஸ்பார்ட்டா என்ற இரு ஊர்களுக்கு நடுவே ஓடிய ரயில் தடம் 1967இல் சைக்கிள் பாதையாகத் திறக்கப்பட்டது. 50 கிலோமீட்டருக்குச் சற்று கூடுதலான நீளம், மூன்று சுரங்கங்கள், அவற்றில் ஒன்று ஒரு கிலோமீட்டருக்கும் மேல். உள்ளே கும்மிருட்டு, மேலிருந்து தண்ணீர் சொட்டும், விளக்கு வைத்துக்கொண்டு இறங்கித் தள்ளித்தான் போக வேண்டும். அப்படியும் மக்கள் வந்துகொண்டே இருக்கிறார்கள். நியூசிலாந்தின் ஒட்டாகோ பகுதியில் மிடில்மார்ச்சிலிருந்து கிளைடு வரை 152 கிலோமீட்டர் தடம் 2000இல் முழுமையாகத் திறந்தது. ஸ்பெயினில் 1993இல் தொடங்கிய பசுமைப் பாதைத் திட்டம் கைவிடப்பட்ட ரயில் தடங்களை நாடு முழுக்க மீட்டிருக்கிறது.

இவற்றைவிட முக்கியமாக நான் நினைப்பது அமெரிக்கா 1983இல் தன் பாதைச் சட்டத்தில் செய்த திருத்தத்தை. ரயில் நின்றுபோன தடத்தைத் துண்டு துண்டாக விற்காமல், பிற்காலத்தில் ரயில் மீண்டும் தேவைப்படலாம் என்று அப்படியே காத்து, அதுவரை பாதையாகப் பயன்படுத்த அந்தத் திருத்தம் இடம் கொடுத்தது. நீண்ட தடத்தின் மதிப்பே அது அறுபடாமல் இருப்பதில்தான். நடுவில் ஒரே ஒரு மனையை விற்றுவிட்டால் போச்சு, அப்புறம் எத்தனை கோடி கொட்டினாலும் சேர்ப்பது கடினம். பயன்படாத தடம் உங்கள் பொறுப்பில் இருந்தால், பாதை போடப் பணம் இல்லாவிட்டாலும் பரவாயில்லை, விற்காமல் வைத்திருங்கள்.

சரி, தடம் இவ்வளவு நல்லது என்றால் காடு எதற்கு? தடத்தில் மட்டும் ஓட்டுகிறவர்களுக்கு இதற்குப் பதில் தெரியும். மணிக்கணக்காக ஒரே நிலையில் உட்கார்ந்து ஒரே வேகத்தில் மிதித்தால் உள்ளங்கை மரத்துப்போகும், கவனமும் தளரும். சைக்கிளைக் கையாளும் திறமை அங்கே வளராது. அதை ஒற்றையடிப் பாதைதான் வளர்க்கும். ஈரமான வேர் ஒன்று பாதையின் குறுக்கே சாய்வாகக் கிடக்கிறது என்று வையுங்கள். அப்படியே ஏறினால் முன்சக்கரம் வேரின் போக்கில் வழுக்கிப் பக்கவாட்டில் இழுக்கும். வேர் வருவதற்கு முன்பே வேகத்தைக் குறைத்து, பிரேக்கை விட்டுவிட்டு, இரண்டு பெடலையும் ஒரே மட்டத்தில் நிறுத்தி, இருக்கையிலிருந்து லேசாக எழுந்து, சக்கரம் வேரை நேருக்கு நேர் சந்திக்கும்படி திருப்ப வேண்டும். முழங்கையும் முழங்காலும் மடங்கி அந்தச் சின்ன அதிர்ச்சியை வாங்கிக்கொள்ளும். இதைப் பழகிய குழந்தையின் முகத்தைப் பார்த்தவர்கள் எளிய பாதையைச் சாதாரணமாக நினைக்க மாட்டார்கள்.

இரண்டும் பக்கத்தில் இருந்தால் ஒன்றின் குறையை மற்றொன்று தீர்க்கிறது. தடத்தில் நிதானமாக மிதித்து உடம்பு சூடேறியதும் காட்டுக்குள் ஒரு சுற்று. களைத்தவர் பாதியில் வெளியே வந்து தடம் வழியாகத் திரும்பலாம். வலுவுள்ளவர் இன்னொரு சுற்று போகலாம். ஒரே குடும்பத்தில் வெவ்வேறு தெம்பு உள்ளவர்கள் சேர்ந்து வந்து சேர்ந்து திரும்ப இதைவிட நல்ல ஏற்பாட்டை நான் கண்டதில்லை.

நடைமுறையில் என்ன நடக்கிறது? நான் ஓட்டும் ஓரிடத்தில் தடத்துக்கும் காட்டின் வாசலுக்கும் நடுவே அரை கிலோமீட்டர்கூட இராது. ஆனால் அந்தத் தூரம் முழுக்க லாரிகள் பறக்கும் சாலை, ஓரத்தில் ஒதுங்க இடம் கிடையாது. ஆகவே பெற்றோர்கள் சைக்கிள்களைக் காரில் ஏற்றி அந்த அரை கிலோமீட்டரைக் கடக்கிறார்கள். கார் இல்லாதவர்கள் தடத்தோடு நின்றுவிடுகிறார்கள். இதற்குக் காரணம் தீய எண்ணம் என்று நான் நினைக்கவில்லை. தடம் ஓர் அலுவலகத்தின் வரைபடத்தில் இருக்கிறது, காடு இன்னொன்றின் வரைபடத்தில். இரண்டுமே தங்கள் எல்லைக்கோட்டில் முடிந்துவிடுகின்றன. அந்தச் சாலைத் துண்டைத் தன் வேலையாக நினைக்க ஆளே இல்லை.

நீங்கள் இரு தரப்பும் ஒரு மேசையில் உட்கார்ந்தால் வழி பிறக்கும். பழைய ரயில் கரைகளில் மாடும் வண்டியும் கடப்பதற்கென்று விட்ட சிறு பாலங்கள் பல இடங்களில் உண்டு. புதர் மண்டி, சேறு நிறைந்து, கண்ணில் படாமல் கிடக்கும். அதைச் சுத்தம் செய்து தண்ணீர் வடிய வழி செய்தால், கரையின் மறுபக்கத்துக்குப் போகச் சாலைவரை சுற்றும் அவசியமே சில இடங்களில் இருக்காது. கரையிலிருந்து கீழே இறங்கும் சாய்தளத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. கரை 4 மீட்டர் உயரம் என்றால், 100க்கு 5 என்ற சரிவில் இறங்க 80 மீட்டர் நீளம் வேண்டும். இடம் போதாது என்று படிக்கட்டு வைத்து, ஓரத்தில் சைக்கிள் உருட்ட ஒரு பள்ளம் போட்டுக் கணக்கை முடித்துவிடாதீர்கள். கையால் பெடல் சுற்றும் மூன்று சக்கர வண்டியில் வருகிறவர் அங்கேயே திரும்பிப் போக வேண்டியதுதான்.

இப்போது காட்டுக்குள் வருவோம். எளிய பாதை என்றால் யோசிக்கத் தேவையில்லை, புல்டோசரை விட்டு அகலமாக வழித்தால் போதும் என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. உண்மையில் கடினமான பாதையைவிட இதற்குத்தான் கூடுதல் யோசனை தேவை. 1988இல் தொடங்கிய சர்வதேச மலைச் சைக்கிள் சங்கத்தின் தர வரிசையில் பச்சை வட்டம் போட்ட எளிய பாதைக்குச் சராசரிச் சரிவு 100க்கு 5க்குள், அகலம் சுமார் 90 சென்டிமீட்டராவது இருக்க வேண்டும். பாதை வெட்டுகிறவர்கள் சொல்லும் இன்னொரு விதி, பாதையின் சரிவு அந்த மலைச்சரிவில் பாதியைத் தாண்டக் கூடாது என்பது. தாண்டினால் மழைத்தண்ணீர் பாதையைக் கடந்து போகாமல் பாதை வழியாகவே ஓட ஆரம்பிக்கும்.

தண்ணீர் ஓடிய பாதையை அருகில் நின்று பாருங்கள். முதல் மழையில் நடுவில் ஒரு விரல் ஆழத்துக்குக் கோடு விழும். அடுத்த மழையில் மெல்லிய மண் முழுக்கக் கீழே போய் வளைவில் தேங்கும், மேலே வேரும் கல்லும் துருத்திக்கொண்டு நிற்கும். அதற்குப் பயந்து ஓட்டுகிறவர்கள் ஓரமாக ஒதுங்குவார்கள், செடிகள் மிதிபடும், பாதை இரண்டாகும், மூன்றாகும். பாதையைப் பள்ளத்தின் பக்கம் லேசாகச் சரித்து வெட்டி, இறக்கத்தின் நடுநடுவே ஒரு சிறு மேடு வைத்தால் தண்ணீர் அங்கங்கே வெளியேறிவிடும். அந்த மேட்டில் ஏறி இறங்குவது ஓட்டுகிறவருக்கும் இன்பம். பராமரிப்பும் விளையாட்டும் ஒரே இடத்தில் கூடிவருவது அபூர்வம், இங்கே கூடிவருகிறது.

நான் விரும்பி ஓட்டிய ஒரு காட்டுப் பாதையில் மரம் வெட்டியபின் கனரக வண்டிகள் போட்ட பள்ளங்களை நிரப்ப முஷ்டி அளவு ஜல்லியைக் கொட்டிவிட்டுப் போய்விட்டார்கள். பொருள் செலவழித்தார்கள், பாதை கெட்டது. குழந்தைகளின் சிறிய சக்கரம் அதில் புதைந்து நிற்கிறது. ரயில் தடத்திலும் இதே கதைதான். தண்டவாளத்தைக் கழற்றியபின் மிஞ்சும் பெரிய ஜல்லியின் மேல் யாராலும் சுகமாக ஓட்ட முடியாது. அதன் மேல் பொடிக்கல்லும் கல்தூளும் கலந்து பரப்பி, நனைத்து, ரோலர் ஓட்டி இறுக்கினால் நன்றாக நிற்கும். தார் போட வேண்டிய அவசியம் பெரும்பாலான இடங்களில் இல்லை.

வாசல் தடுப்புகளும் என் மனதை உறுத்துகிற விஷயம். மோட்டார் சைக்கிள்கள் நுழையக் கூடாது என்பதற்காக இரும்புக் குழாயை வளைத்து வளைத்து வைக்கிறீர்கள். உங்கள் நோக்கம் எனக்குப் புரிகிறது. ஆனால் அந்தத் தடுப்பில் மோட்டார் சைக்கிள்காரர் எப்படியோ புகுந்துவிடுகிறார். வெளியே நிற்பது கைப்பெடல் வண்டியும், குழந்தையை ஏற்றிய இழுவண்டியும், இருவர் ஓட்டும் நீளச் சைக்கிளும்தான். தடுப்பு வைக்குமுன் இந்த மூன்றையும் அதில் ஒருமுறை ஓட்டிப் பார்த்துவிட்டு வையுங்கள்.

எங்கள் பக்கமும் கடமை உண்டு. மண் நனைந்து டயர்த் தடம் ஆழமாகப் பதிகிற நாளில் காட்டுக்குள் போகக் கூடாது, தடத்தோடு திரும்பிவிட வேண்டும். மழைக்காலத்தில் நீங்கள் பாதையை மூடினால் முணுமுணுக்கக் கூடாது. நடக்கிறவர்களுக்கு வழிவிட வேண்டும். பின்னாலிருந்து வந்தால் தூரத்திலேயே மணி அடித்து, வேகம் குறைத்துக் கடக்க வேண்டும். குதிரை எதிரே வந்தால் நின்றேவிட வேண்டும். பேட்டரி சைக்கிள்களை அனுமதிப்பதா வேண்டாமா என்பதை நீங்களே தீர்மானியுங்கள், ஆனால் தெளிவாக எழுதி வாசலில் வையுங்கள். வழிகாட்டிப் பலகையில் தூரத்தோடு மொத்த ஏற்றமும், பாதியில் வெளியேறும் இடங்களும் இருந்தால் புதியவர்கள் துணிந்து வருவார்கள்.

அடுத்த நிதி ஒதுக்கீட்டுக்கு முன் ஒருநாள் இரு அலுவலகங்களிலிருந்தும் ஆள் அனுப்புங்கள். தடம் முடியும் இடத்திலிருந்து காட்டு வாசல் வரை சேர்ந்து நடப்போம். ஒரு குழந்தையின் சைக்கிளையும் ஒரு கைப்பெடல் வண்டியையும் நாங்கள் கொண்டுவருகிறோம். அளவெடுக்கும் நாடாவும் வரைபடமும் நீங்கள் கொண்டுவாருங்கள். எந்த இடத்தில் அந்த வண்டிகள் நிற்கின்றன என்று குறித்துக்கொண்டால், எங்கே என்ன வேலை என்பது அன்றே தெரிந்துவிடும். மண்வெட்டி பிடிக்க ஆள் வேண்டுமென்றால் அதற்கும் வருகிறோம்.

இப்படிக்கு,
காட்டுக்குள் மெதுவாக ஓட்டுகிறவர்களில் ஒருவர்