இலவசம் வேறு, மாற்றும் உரிமை வேறு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஒரு பருவத்துப் பாடங்களில் 40 விழுக்காடு வரை மத்திய அரசின் இணையவழிக் கல்வித் தளமான சுவயத்தில் படிக்கலாம் என்று பல்கலைக்கழக மானியக் குழு 2021-இல் விதி செய்தது. ஆனால் இணையத்தில் கிடைக்கும் பாடங்களை எடுத்து நம் வகுப்புக்கேற்ப மாற்றும் முறையைப் பெரும்பாலும் யாரும் சொல்லித்தருவதில்லை.

முதலில் உரிமம். ஒரு படைப்பைப் பிறர் எந்த நிபந்தனையில் பயன்படுத்தலாம் என்று சொல்லும் கிரியேட்டிவ் காமன்ஸ் முத்திரை இருந்தால் மட்டும் போதாது. 'மாற்றக் கூடாது' என்ற நிபந்தனை இருந்தால் தமிழாக்கிப் பகிரவும் வழியில்லை. விக்கிப்பீடியா உரையை வணிகத்துக்கும் பயன்படுத்தலாம், அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகம் இணையத்தில் இலவசமாகத் தரும் ஓப்பன் கோர்ஸ்வேர் பாடங்களை அப்படிப் பயன்படுத்தக் கூடாது. மாற்றியதை அதே உரிமத்தில்தான் வெளியிட வேண்டும் என்று இரண்டுமே கேட்கின்றன. அதனால் இரண்டையும் பிசைந்து ஒரே பாடமாக்கினால் எந்த உரிமத்திலும் வெளியிட முடியாது. தனித்தனிப் பகுதிகளாக, அதனதன் உரிமத்தோடு வைத்தால் சிக்கலில்லை. தலைப்பு, ஆசிரியர், மூலச் சுட்டி, உரிமம் நான்கையும் எடுத்த அன்றே குறித்துவிட வேண்டும். பிறகு தேடினால் கிடைக்காமல் போகலாம். பாடத்துக்குள் வரும் படங்களுக்கு வேறு உரிமம் இருக்கலாம், ஒவ்வொன்றையும் பார்க்க வேண்டும்.

நம் கல்லூரிகள் வெளியிடும் பாடங்களையும் எடுத்து மாற்றுவது எளிதில்லை. பி.டி.எஃப். மட்டும் தந்தால் அடுத்தவர் எளிதில் திருத்த முடியாது. பழைய எழுத்துருவில் தட்டச்சிட்ட தமிழ், அந்த எழுத்துரு இல்லாத கணினியில் குப்பையாகத் தெரியும், தேடலிலும் சிக்காது. எல்லாக் கணினியிலும் படிக்க முடிகிற ஒருங்குறியில் (யூனிகோடு), திருத்தக்கூடிய மூலக் கோப்போடு வெளியிடுமாறு பல்கலைக்கழகங்கள் கட்டாயமாக்க வேண்டும்.

– கல்லூரி ஆசிரியர்கள் சிலர், திருச்சி